முகாம் முடிந்த எட்டாம் நாள்

செஞ்சி வட்டாரத்துக் கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் பெயர் கொடுத்திருக்கும் மாணவ மாணவியருக்கு,



வல்லம் ஒன்றியத்தில், ஏரித் தண்ணீரை நம்பி நெல்லும் மழையை நம்பி மணிலாவும் போடுகிற ஊர்களில் ஒன்றிலிருந்து இதை எழுதுகிறேன். காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு பள்ளிப் பிள்ளைகள் முகாமுக்கு வருகிறீர்கள். பொங்கல் கழிந்து கல்லூரிப் பிள்ளைகள் வருகிறீர்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டுப் பாய் விரிக்கிறீர்கள். தொடக்க விழா, விழிப்புணர்வுப் பேரணி, கோயில் வளாகத்தைக் கூட்டிப் பெருக்குதல், மரக்கன்று, கண் சிகிச்சை முகாம், கால்நடை முகாம், சாயங்காலம் நாடகம், கடைசியில் நிறைவு விழா. ஏழு நாளும் ஊர் கலகலவென்று இருக்கிறது. எட்டாம் நாள் பஸ் ஏறிப் போய்விடுகிறீர்கள். அடுத்த வருடம் வருகிற முகங்கள் வேறு. பல சமயம் அவர்கள் போகிற ஊரும் வேறு. உங்களிடம் நான் பேச நினைப்பதெல்லாம் அந்த எட்டாம் நாளுக்குப் பிறகு உள்ள காலத்தைப் பற்றியது.

அதற்கு முன் நன்றி சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது நம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. வருடம் முழுக்கப் பெய்ய வேண்டிய மழையில் பாதி. திண்டிவனம், செஞ்சி, விக்கிரவாண்டி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரிக் கொட்டிய கைகளில் மாணவர்களின் கைகளும் இருந்தன. பாயும் போர்வையும் பிரெட்டுமாக வந்து, பெயர்கூடச் சொல்லாமல் திரும்பிப் போனார்கள். அந்த நல்ல மனசை ஊர் மறக்கவில்லை. அது இருக்கிறது என்று தெரிந்ததால்தான் இன்னும் கொஞ்சம் உரிமையோடு கேட்கத் தோன்றுகிறது.

உங்கள் திட்டத்தின் விதியை ஒரு தரம் எடுத்துப் படியுங்கள். ஒரு தன்னார்வலர் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் அதற்கு மேல். நூறு பேர் கொண்ட அலகில் ஐம்பது பேர் முகாமுக்குப் போகலாம். தத்தெடுத்த கிராமம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு வருடம் முழுக்க அங்கே போய்வர வேண்டும் என்பதும் அந்த விதியில்தான் இருக்கிறது. நூறு பேருக்கு வருடம் 120 மணி என்றால் மொத்தம் 12,000 மணி நேரம். பயிற்சிக்கும் கல்லூரி வளாகத்துக்கும் பாதியை ஒதுக்கிவிடுங்கள். மீதி 6,000 மணி நேரம் ஊருக்கு வர வேண்டியது. படித்த பிள்ளைகளின் ஆறாயிரம் மணி நேர உழைப்பு ஒரே ஊரில் இறங்கினால் அந்த ஊரில் எத்தனையோ காரியம் நடக்கும். இன்று அந்த நேரமெல்லாம் விழா மேடைக்கு நாற்காலி போடுவதிலும், விருந்தினருக்கு வரவேற்பு கொடுப்பதிலும், ஒவ்வொரு தினத்துக்கும் ஓர் உறுதிமொழி வாசிப்பதிலும் கரைந்துபோகிறது. ஊருக்கு மிஞ்சுவது அந்த ஏழு நாள்.

இதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் திட்ட அலுவலர்களையும் குறை சொல்ல மாட்டேன். பாடம் நடத்தி, தாள் திருத்தி, அதற்கு மேல் இந்தப் பொறுப்பையும் சுமக்கிறவர்கள் அவர்கள். ஆனால் இந்தத் திட்டம் எதற்காகப் பிறந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுதந்திரம் வந்த சூட்டோடு, ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்கள் தாமாக முன்வந்து செய்கிற நாட்டுப்பணி வேண்டும் என்று சொன்னது. பட்டம் வாங்குவதற்குச் சமூக சேவையை ஒரு தகுதியாக வைக்கலாமா என்று 1958-இல் நேரு முதலமைச்சர்களுக்கு எழுதினார். அதற்கு அடுத்த வருடம் சி.டி. தேஷ்முக் குழு இன்னும் கறாராகப் பேசியது. பள்ளி முடித்துப் பல்கலைக்கழகம் போகிற ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை கட்டாயம் நாட்டுப்பணி செய்ய வேண்டும் என்றது. பணச்செலவை நினைத்து அதைக் கைவிட்டார்கள். பிறகு கல்வியாளர் கே.ஜி. சையிதைன் பல நாடுகளில் இளைஞர் சேவை எப்படி நடக்கிறது என்று பார்த்து வந்து, கட்டாயப்படுத்தாமல், விருப்பமுள்ளவர்களைக் கொண்டு நடத்துங்கள் என்று எழுதினார். கடைசியில் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு இதைத் தொடங்கி வைத்தார். இன்று நாடு முழுக்க 40 லட்சம் பேர் அளவுக்கு இருக்கிறீர்கள். ஒரு வருடம் முழுக்கக் கேட்ட யோசனை, இரண்டு வருடத்தில் 240 மணி நேரமாகச் சுருங்கி வந்து சேர்ந்திருக்கிறது. சுருங்கியதிலும் ஊருக்கு ஏழு நாள்தான் என்றால் அந்தப் பெரியவர்கள் நினைத்தது எங்கே போயிற்று?

ஒரு வருடப் பணி நடக்காத காரியம் இல்லை. நைஜீரியாவில் 1973 முதல் பட்டதாரிகள் தங்கள் மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் ஒரு வருடம் பணி செய்கிறார்கள். உள்நாட்டுப் போர் முடிந்த நாட்டில், ஒருவர் ஊரை ஒருவர் அறிய வேண்டும் என்று கொண்டுவந்த ஏற்பாடு அது. ஒரு வருடம் என்பது வெளியூர்க்காரப் பிள்ளைக்கு ஒரு நடவையும் ஓர் அறுவடையையும் பார்க்கப் போதுமான காலம். ஏழு நாளில் ஊராரின் பெயர்கள்கூட மனதில் நிற்காது.

அதற்காக ஒரு வருடம் வந்து தங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. செஞ்சியிலிருந்து எங்கள் ஊர் பஸ்ஸில் அரைமணி நேரத்துக்குள். மாதம் இரண்டு சனிக்கிழமை வாருங்கள். வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள்.

என்ன செய்ய வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முகாமில் உங்களுக்கு மம்பட்டியும் கடப்பாரையும் கொடுத்துச் சீமைக்கருவேலம் வெட்டச் சொல்கிறார்கள். கை கொப்புளித்துப் போகிறது, படம் நன்றாக வருகிறது, அடுத்த மழைக்கு அதே வேரிலிருந்து துளிர்த்துவிடுகிறது. மண் வேலை எங்களுக்குத் தெரியும். நூறு நாள் வேலைக்குப் போய்ப் பழகிய பெண்கள் ஒரு காலையில் வெட்டுகிற மண்ணை நீங்கள் முகாம் முழுக்க வெட்டினாலும் எட்ட முடியாது. உடலுழைப்பின் அருமை தெரிய ஒருநாள் செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் எங்களிடம் இல்லாத எது உங்களிடம் இருக்கிறதோ அதைத்தான் ஊர் கேட்கிறது. வரைபடம் படிக்கத் தெரியும் உங்களுக்கு. ஒரு மனுவைப் பிழையில்லாமல் எழுதத் தெரியும். அலுவலகத்தில் 'அடுத்த வாரம் வாங்க' என்றால் அடுத்த வாரமும் போய் நிற்கிற வயது. கூலி போய்விடுமே என்ற கவலை இல்லாமல் ஒரு நாளைச் செலவிடவும் உங்களால் முடியும்.

எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஃபெஞ்சல் மழை அவ்வளவு பெய்தும், பக்கத்து ஊர் ஏரிகள் கோடி போயும், எங்கள் ஏரி நிரம்பவில்லை. தண்ணீர் ரோட்டில் ஓடியது, நெல் வயலில் நின்றது, ஏரிக்கு மட்டும் வரவில்லை. முகாமுக்கு வந்துபோன கல்லூரிப் பிள்ளைகள் இருவர், ஒரு பையனும் ஒரு பெண்ணும், இதைக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கையில் கிராம வரைபடத்தின் நகல். வருவாய்த் துறையின் புலப்படங்களைப் போனில் இறக்கி வைத்திருந்தார்கள். முன்பு ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிற நீர்க்கட்டி வேலை பார்த்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரத்து வாய்க்காலோடு மேலே நடந்தோம்.

பெரியவருக்குப் படிக்கத் தெரியாது. பிள்ளைகளுக்கு வாய்க்கால் தெரியாது. போனில் புல எண்ணைப் பார்த்து, "தாத்தா, இங்கே வாய்க்கால் எட்டு மீட்டர் அகலம் காட்டுது" என்பான் பையன். அவர் நின்று சுற்றிலும் பார்ப்பார். "அந்தப் பனைமரம் வாய்க்காலுக்கு வடகரை. அப்ப தென்கரை இதோ இந்த மணிலாக் கொல்லைக்குள்ள இருக்கணும்" என்பார். ஓர் இடத்தில் கருவேலம் புதராக மண்டிக் கிடந்தது. உள்ளே புகுந்து கொடுவாளால் இரண்டு கிளையைத் தள்ளி, வேரடியில் கிடந்த சருகையும் மண்ணையும் காலால் ஒதுக்கினார். சர்வே கல் ஒன்று தலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பெண் குந்தி உட்கார்ந்து கல்லின் மேலிருந்த மண்ணைத் தாவணி முனையால் துடைத்துப் படம் எடுத்தாள். வரைபடத்தில் புள்ளியாக இருந்தது கண்ணெதிரே கல்லாக நின்றதும் மூன்று பேர் முகத்திலும் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலத்துக்குள் வாய்க்கால் எங்கெங்கே அடைபட்டது, எங்கே சாலை போடும்போது குழாய் சின்னதாகப் பதித்துவிட்டார்கள், எங்கே உழுது சேர்த்துக்கொண்டார்கள் என்று புல எண்ணோடு ஒரு தாளில் வந்துவிட்டது. சேர்த்துக்கொண்டவர்களின் பெயரை எழுத வேண்டாம், எண் போதும் என்று பெரியவர் சொன்னார். நல்ல யோசனை. பெயர் எழுதியிருந்தால் அது சண்டையாகியிருக்கும். அந்தத் தாள் கிராம சபையில் படிக்கப்பட்டுத் தீர்மானம் ஆனது. கீழ்ப்பகுதி வாய்க்காலை நூறு நாள் வேலையில் எடுத்து வெட்டினார்கள். மேலே இருக்கிற சாலைக்குழாய் வேறு துறையின் பொறுப்பு. அதற்குத் தனி மனு போட்டார்கள். தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இரண்டு பிள்ளைகளும் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டார்கள். மனு நின்றுவிட்டது. அவர்கள் இடத்துக்கு அந்தக் கல்லூரியிலிருந்து யாரும் வரவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு வேலை நடந்தது என்றே அடுத்த வகுப்புக்குத் தெரியாது.

இதனால்தான் சொல்கிறேன், ஒரே ஊரைப் பிடியுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். யார் வந்தார்கள், என்ன பார்த்தார்கள், எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியில் எந்த மனு கொடுத்தார்கள், பதில் என்ன, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். ஒரு படி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கட்டும், ஒரு படி உங்கள் அலகில் இருக்கட்டும். இரண்டாம் ஆண்டு மாணவர் முதலாண்டு மாணவரை ஊருக்கு அழைத்து வந்து, இவர் நீர்க்கட்டி, இவர் சுய உதவிக் குழுத் தலைவி, இது பழைய மதகு என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். ஐந்து வருடம் இப்படி நடந்தால் எங்கள் ஏரி நிரம்புகிறதா இல்லையா என்று பார்ப்போம்.

நம் பகுதியில் தண்ணீரைப் பற்றிச் சொல்லித்தர வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. செஞ்சிக் கோட்டைக்குள் சக்கரக்குளமும் செட்டிக்குளமும் இருக்கின்றன. மலைமேல் சுனைகள் இருக்கின்றன. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை சுற்றிக் கிடந்தும் மராட்டிய மன்னர் ராஜாராமின் ஆட்கள் உள்ளே தாக்குப்பிடித்ததில் அந்தத் தண்ணீருக்குப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை நம் செஞ்சி. அதற்குப் பிறகு கூட்டம் கூடியிருக்கிறது, பாட்டிலும் பிளாஸ்டிக் பையும் கூடியிருக்கின்றன. கோட்டையைத் தூய்மைப்படுத்த நீங்கள் வருவதை வரவேற்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். சுவரில் முளைத்த செடியைத் தொல்லியல் துறை ஆள் பக்கத்தில் இல்லாமல் பிடுங்காதீர்கள், வேரோடு கல்லும் சுண்ணாம்பும் பெயர்ந்துவிடும். கோட்டைக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கையாவது திருநாதர்குன்றுக்கும் மேல்சித்தாமூருக்கும் மண்டகப்பட்டுக்கும் அழைத்துப் போகிற வழிகாட்டிகளாக உங்களில் சிலர் வந்தால், அது இந்த வட்டாரத்துக்குப் பெரிய சேவை. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலுக்கு எப்படிப் போவது என்று செஞ்சி பஸ் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், வழி சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கும்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். கொரோனா காலத்தில் ஒன்றரை வருடம் பள்ளி பூட்டிக் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உங்களில் பலர் அப்போது ஆறாவது, ஏழாவது படித்திருப்பீர்கள். அதைச் சரிசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டம் நம் மாவட்டத்தில், மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், திண்ணையிலோ மரத்தடியிலோ இருபது பிள்ளைகளை வைத்து, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, ஊர்ப் பெண்கள்தான் பெரும்பாலும் நடத்தினார்கள். ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 19,000 குழந்தைகளைச் சோதித்த பொருளாதார ஆய்வாளர்கள், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்திலேயே மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் கால்பங்கு இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளால் வந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர் பயிற்சி பெறாத பக்கத்து வீட்டு அக்கா செய்த வேலை அது. அவர் தினமும் வந்தார். பிள்ளை வரவில்லை என்றால் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டார். அது பலித்ததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை.

பின்னாளில் அந்தத் தன்னார்வலர் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் பல தெருக்களில் சாயங்கால வகுப்பு நின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியாமல் நிற்கிறது. அப்பா அம்மா கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ போயிருந்தால் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் சொல்லித்தர யாரும் இல்லை. உங்களில் நான்கு பேர் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு மாதம் இரண்டு சனிக்கிழமை வந்தால் போதாது, தெரியும். ஆனால் அந்தத் தெருவிலேயே பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண் ஒருத்தி இருப்பாள். அவளோடு சேர்ந்து தொடங்குங்கள். பாடத்தை எப்படிப் பிரிப்பது, எந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்ப்பது, கதைப் புத்தகம் கொண்டுவந்து சேர்ப்பது உங்கள் பொறுப்பு. நாள்தோறும் உட்கார்வது அவள் பொறுப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் அப்படித்தான் வளர்ந்தது. எழுதக் கற்ற பெண்களே அடுத்து சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டு, பயம் தெளிந்து, வகுப்பு நடத்துகிறவர்களாக ஆனார்கள். பெரியவர்களுக்கென்று இப்போது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் இருக்கிறது. அதுவும் சம்பளமில்லாத தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கிறது.

அடுத்தது காகித வேலை. ஊரில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், எவ்வளவு துயரம் ஒரு படிவத்தில் சிக்கிக் கிடக்கிறது என்று. ரேஷன் கடையில் கைரேகை விழாத பாட்டிகள் இருக்கிறார்கள். அறுபது வருடம் களையெடுத்துக் கதிரறுத்த விரலில் ரேகை தேய்ந்துபோயிற்று. இயந்திரம் ஏற்காது. தனக்குப் பதிலாக இன்னாரை அனுப்புகிறேன் என்று எழுதிக் கொடுத்துப் பொருள் வாங்க வழி இருக்கிறது. அவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடிப் பொருள் கொண்டுவந்து தருகிற தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. எங்கள் தெருக்களில் யார் யார் பெயர் அதில் விட்டுப்போயிருக்கிறது என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து ஒரு பட்டியல் எழுத உங்களுக்கு ஒரு பகல் போதும். முதியோர் உதவித்தொகை, விதவைப் பெண்ணின் வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், பயிர்க் காப்பீடு எல்லாம் அப்படித்தான். உழவர்கள் 'கமிட்டி' என்று சொல்கிற செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காசு கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்க்கக்கூட யாரையாவது தேடுகிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனமாகச் செய்யுங்கள். ஆதார் அட்டையைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். ஓ.டி.பி. எண்ணை நீங்கள் கேட்டு வாங்காதீர்கள். 'நான் பார்த்துக்கிறேன் பாட்டி' என்று எடுத்துக்கொண்டு போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து, என்ன எழுதுகிறோம் என்று படித்துக் காட்டி எழுதுங்கள். இன்று உங்களை நம்பிக் கொடுக்கிறவர் நாளை வேறு யாரையும் நம்பிக் கொடுத்துவிடக்கூடாது.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடித்தால் அது நேர்மையாகாது. முகாம் பெரும்பாலும் ஊர்த் தெருவில் இருக்கிற பள்ளியில் நடக்கிறது. சாப்பாடு ஊர்த் தெரு ஆட்கள் ஏற்பாடு. பேரணி காலனித் தெரு முனைவரை போய்த் திரும்பிவிடுகிறது, அல்லது ஒரு சுற்று சுற்றி வந்துவிடுகிறது. யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறீர்கள் என்பதை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த முகாமில் ஒரு வேளை சாப்பாட்டைக் காலனித் தெருவில் சமைத்து, அங்கேயே எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நிறைவு விழா மேடையை அங்கே போடுங்கள். மாலை வகுப்பு முதலில் அங்கே தொடங்கட்டும்.

இது புதிய யோசனை இல்லை. இலங்கையில் 1958-இல் கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஏ.டி. ஆரியரத்ன, விடுமுறையில் தம் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற ஊருக்குச் சிரமதான முகாமுக்கு அழைத்துப் போனார். சாதியால் மற்றவர்கள் ஒதுக்கிவைத்திருந்த மக்களின் ஊர் அது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் அங்கே தங்கி, அவர்களோடு மண் சுமந்து, அவர்களோடு உண்டார்கள். அந்த விடுமுறை முகாம்தான் சர்வோதய சிரமதான இயக்கமாக வளர்ந்து ஆயிரக்கணக்கான ஊர்களுக்குப் பரவியது. 2024 ஏப்ரலில் ஆரியரத்ன மறைந்தபோதும் இயக்கம் நடந்துகொண்டுதான் இருந்தது. முகாம் என்று தொடங்கிய ஒன்று முகாமோடு நிற்காமல் போனதற்குக் காரணம், என்ன வேலை செய்வது என்பதை ஊராரே உட்கார்ந்து முடிவு செய்கிற பழக்கத்தை அவர்கள் ஊரில் விட்டுவிட்டுப் போனதுதான் என்று நினைக்கிறேன்.

அரசுத் திட்டத்தை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கும் அண்மையிலேயே ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் முப்பது வருடமாக நடந்துவந்த அமெரிகார்ப்ஸ் சேவைத் திட்டத்தின் நிதியில் சுமார் 40 கோடி டாலரை 2025 ஏப்ரலில் திடீரென்று நிறுத்தினார்கள். பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர்களும் புயல் பாதித்த இடத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களும் பாதியில் வீட்டுக்குப் போனார்கள். இங்கேயும் நாளை திட்டத்தின் பெயர் மாறலாம், பணம் குறையலாம். எங்கள் தெருப் பெண் வகுப்பெடுக்கக் கற்றுக்கொண்டிருந்தால், ஊராட்சி அலுவலகத்தில் அந்த நோட்டு இருந்தால், நீங்கள் வராமல் போனாலும் வேலை நிற்காது.

ஐக்கிய நாடுகள் சபை 2026-ஐத் தன்னார்வலர் ஆண்டாக அறிவித்திருப்பதால் அதற்கென்று பேரணிகள் வரும், பேனர்கள் வரும். வரட்டும். நீங்கள் அந்தப் பேனர் காசை மிச்சம் பிடித்து, செஞ்சியிலிருந்து எங்கள் ஊருக்கு வந்துபோகிற பஸ் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று திட்ட அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள்.

பள்ளி முகாம் நடக்கிற காலாண்டு விடுமுறையில்தான் அக்டோபர் 2 கிராம சபையும் வருகிறது. வருடத்தில் ஆறு கிராம சபையில் அது ஒன்று. அன்று காலை பேரணியை விட்டுவிட்டு எல்லோரும் சபைக்கு வாருங்கள். பேச வேண்டாம், பின்னால் உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் கோரிக்கை மூன்று சபையாகத் திரும்பத் திரும்ப வருகிறது, யார் பேச எழுந்து பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார், பெண்கள் எந்த விஷயம் வந்ததும் தலையை நிமிர்த்துகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கான வேலை அந்தக் குறிப்பில் இருக்கும். அதைத் தலைவரிடமும் உறுப்பினர்களிடமும் பேசி, இந்த வருடம் இது ஒன்றுதான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, அதற்கடுத்த இரண்டு மூன்று வாரத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். மழை பெய்கிற நாளில் வாய்க்காலோடு நடந்தால்தான் தண்ணீர் எங்கே தடம் மாறுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். வெயில் நாளில் வந்து பார்த்தால் தெரியாது. குடையும் செருப்பில்லாத காலுமாக ஒரு நாள் வாருங்கள்.

நீர்க்கட்டிப் பெரியவர் இருக்கிறார், இன்னும் நடக்கிறார். சாலைக்குழாய் மனுவின் நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, தேதியோடும் ஒப்புகைச் சீட்டோடும். பள்ளிச் சாவியைத் தலைமையாசிரியரிடம் சொல்லி வாங்கி வைக்கிறேன். கிராம சபைக்கு வருவதாக இருந்தால் உங்கள் திட்ட அலுவலர் மூலம் ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள், எத்தனை பேர் என்று தெரிந்தால் சமைக்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
வல்லம் ஒன்றியத்து ஏரிப்பாசன ஊர் ஒன்றிலிருந்து,
உங்கள் வரவை எதிர்பார்க்கும் ஓர் ஊர்க்காரர்